வெட்டாத அரிவாள்

காவாந்தண்டலம்
8.1.2025

ஜெனிஃபர் அப்பாவுக்கு, பாக்கியமேரி எழுதுவது.

நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை, யூடியூபில் பார்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் மைக்கு. கன்னம்கூட உப்பியிருக்கிறது. பதினோரு மாதமாகக் குடிக்காத முகம் என்று பார்த்ததும் தெரிந்தது. அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம் இந்த வரியோடு முடிந்தது. இனிமேல் திட்டு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் திட்டினால் நீ பாதியிலேயே கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் அது முடியாது. கண்ணைத் திறந்தால்தான் படிக்கலாம். ஜெனிஃபர் ஊருக்கு வந்து எழுதித் தருகிறேன் என்றாள். திட்டு முழுக்க என் கையெழுத்தில் இருக்கட்டும் என்று நானே எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்பு கையெழுத்து, பொறுமையாகப் படி.

செவ்வாய்க்கிழமை ஏரிக் கால்வாயில் நூறு நாள் வேலை. சிட்டம்மாள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். சுற்றிலும் இருபது பொம்பளைகள். போனுக்குள் நீ அழுகிறாய். "குடிவெறியில் அரிவாளை எடுத்தேன். என் மனைவியின் தோளில் வெட்டினேன். ரத்த வெள்ளத்தில் கிடந்தாள். அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது!" கூட்டம் அல்லேலூயா என்கிறது.

"அடியே மேரி, இம்மாம் பெரிய வெட்டு வாங்கிக்கினு எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியேடி. எங்க, ஜாக்கெட்ட தள்ளு, பாக்கலாம்" என்று சிட்டம்மாள் என் தோளைப் பிடித்து இழுக்கிறாள்.

"அது அம்மை குத்தின தழும்புடி" என்றேன்.

"உன் வூட்டுக்காரன் அருவான்னு சொல்லிக்கினு கீறான். புருசன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். வேலை முடியும்வரைக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் ஆத்திரத்தில் பேனாவைத் தேடினேன்.

ஏன்யா, அந்தத் தழும்பை உனக்கு இருபத்தைந்து வருடமாகத் தெரியாதா? கல்யாணமான புதிதில், "இது இன்னா, நாலணாவ ஒட்டி வெச்சிக்கினு கீற" என்று கேட்டவன் நீதானே? குடித்துவிட்டு வந்தால் நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? ஞானப்பாட்டு பாடுவாய். அதுவும் முதல் சரணம் மட்டும். பிறகு ஆட்டுக்குட்டி பக்கத்தில் படுத்து அழுவாய். ஒரே ஒரு தடவை கை ஓங்கினாய். முறத்தாலேயே ஒன்று போட்டேன். அதற்குப் பிறகு ஓங்கினாயா?

குடிகாரன் பெண்டாட்டி என்ற பேர் எனக்கு இருக்கிறது. அது நிஜம், அதனால் வாங்கிக்கொண்டேன். வெட்டுப்பட்டவள் என்ற பேரை நான் எதற்கு வாங்க வேண்டும்? காஞ்சிபுரம் ஹாஸ்டலில் ஜெனிஃபரைக் கூப்பிட்டு வார்டன் அம்மா, "உங்க அம்மா இப்ப எப்படிம்மா இருக்காங்க" என்று முதுகைத் தடவினார்களாம். அவள் போனில் அழுதாள். நர்ஸ் படிக்கிற பிள்ளை. அம்மாவுக்கே கட்டுப் போட வேண்டியிருந்ததோ என்று ஊர் கேட்கிறது.

அந்த அரிவாளைத் திரும்ப எடுத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

பாக்கியமேரி


மறுவாழ்வு இல்லம்
17.1.2025

கிறிஸ்துவுக்குள் மிகவும் பிரியமான என் மனைவி பாக்கியமேரிக்கு, தேவ கிருபையால் ஏசுதாஸ் வாழ்த்தி எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தை இல்லத்தின் வழக்கப்படி, இதை நடத்துகிற ஜான்சன் பிரதர் முதலில் படித்தார். முறம் வந்த இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு என்னிடம், "சம்பவம் வேற, சாட்சி வேற, ஏசுதாஸ்" என்றார்.

நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. இங்கே சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவரும் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். முதல் தடவை நான், "டிராக்டர் ஓட்டினேன், குடித்தேன், குடும்பத்தைக் கவனிக்கவில்லை, கர்த்தர் தொட்டார்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். அடுத்து எழுந்த ஆரணிக்காரர் தன் வீட்டையே கொளுத்தியதைச் சொன்னார். எல்லாரும் தேம்பித் தேம்பி அழுதார்கள். "இருட்டு பெருசா இருந்தாத்தான் வெளிச்சம் தெரியும்" என்று ஜான்சன் பிரதர் சொன்னார்.

அடுத்த வாரம் நான் அரிவாளை எடுத்தேன் என்று மட்டும்தான் சொன்னேன். முதல் மேடையில் எடுத்தது ஓங்கினதாகிவிட்டது. மூன்றாவது மேடையில் வெட்டே விழுந்துவிட்டது. நான் தொட்டு வைத்ததுதான் மேரி, கூட்டம் இழுத்துக்கொண்டு போனது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். வேலூரில் ஒரு ஆள் என் சாட்சியைக் கேட்டு, இடுப்பில் சொருகியிருந்த பாட்டிலை எடுத்து மேடைக்கு முன்னாலேயே உடைத்தான். அவன் கண்ணீர் பொய்யா? தாவீது பாவி. பேதுரு மூன்று தடவை மறுதலித்தவன். அவர்களைத் தேவன் தள்ளிவிட்டாரா? உடைந்த பாத்திரத்தைத்தான் அவர் எடுத்து உபயோகிக்கிறார்.

பிப்ரவரி 15ஆம் தேதி உத்திரமேரூரிலேயே பெருங்கூட்டம். நம் ஊர் ஜனம் எல்லாரும் வருவார்கள். அன்றைக்கு நீ மேடைக்கு வந்து, என்னை மன்னித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டால் நல்லது என்று பிரதர் சொன்னார்.

உன் கணவன்
ஏசுதாஸ்


காவாந்தண்டலம்
24.1.2025

ஜெனிஃபர் அப்பாவுக்கு,

வெள்ளைச் சேலை என்னிடம் இல்லை. நீ உயிரோடுதானே இருக்கிறாய், அதனால் வாங்கவில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். "அரிவாள் ஏசுதாஸ்! அன்று கொலைவெறி, இன்று இறைவெறி!" மாகறல் பஸ்ஸில் கண்டக்டர், "யக்கா, இவுரு உங்க வூட்டாளு தான? பயமா கீதுக்கா" என்கிறான். ரவுடி என்று பேர் வாங்கக்கூட ஸ்டேஷனில் ஒரு கேஸாவது வேண்டும். நீ கோழி அறுக்கவே பக்கத்து வீட்டு ஐசக்கைக் கூப்பிடுகிறவன்.

வேலூரில் பாட்டில் உடைத்தவன் நன்றாக இருக்கட்டும். அவனுக்காக நானும் ஜெபம் பண்ணுகிறேன். ஆனால் பேதுருவை இழுத்தாயே, அங்கேதான் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பேதுரு மூன்று தடவை மறுதலித்தான். வேதத்தில் மூன்று என்றுதான் இருக்கிறது. கூட்டம் அழட்டும் என்று யாரும் முப்பது ஆக்கவில்லை. கோழி கூவினதும் வெளியே போய் அழுதான். மேடை போட்டு அழவில்லை.

உனக்குப் பாவம் பத்தவில்லை என்றுதான் அரிவாள் வாங்கினாயா? உன்னிடம் இருந்த பாவம் எங்கே போயிற்று? மறந்துவிட்டால் நான் எழுதுகிறேன். ஜான்சன் பிரதர், நீங்களும் படியுங்கள். வணக்கம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம், தை மாதம். மாகறலில் நடவு முடித்து, வீராசாமி டிராக்டரில் பதினாலு பொம்பளைகள் வந்துகொண்டிருந்தோம். நீ ஓட்டினாய். பக்கத்தில் உன்னோடு வண்டி ஓட்டுகிற முத்துவேல், மட்கார்டில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, மெதுவா போ, அண்ணா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தான். மதகு வளைவில் டிரெய்லர் சாய்ந்தது. எல்லாரும் சேற்றில் விழுந்தோம். ஆதிலட்சுமி மட்டும் டிரெய்லர் கட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டாள். இடுப்பு போயிற்று.

உன் வாய் நாறியது. போலீஸ் வருகிறது என்றதும் நீ முத்துவேல் கையைப் பிடித்தாய். "நீ குடிக்காதவன்டா. நீ ஓட்டினன்னு சொன்னா சின்ன கேசு. ரெண்டு நாள்ல போதை தெளிஞ்சி நானே வந்து ஒத்துக்கறன்" என்றாய். உன்னை அண்ணன் என்று நம்பினவன், சரி என்றான். அவனே ஒப்புக்கொண்டதும் பதினாலு பேரும், முத்துவேல்தான் ஓட்டினான் என்று கையெழுத்துப் போட்டோம்.

அந்த இரண்டு நாள் இன்னும் வரவில்லை. வீராசாமி அவனை வேலையை விட்டு நிறுத்தினார். லைசன்ஸ் போயிற்று. தென்னேரி பக்கம் சூளையில் செங்கல் அறுக்கிறான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தனியாகப் போய் நின்று வருகிறான். ஒரு வாய்தாவுக்காவது நீ கூடப் போனாயா? மார்ச் 3ஆம் தேதி தீர்ப்பு. உள்ளே போகப்போகிறவன் முத்துவேல். அவனுக்குக் கைக்குழந்தை இருக்கிறது.

செய்யாத வெட்டுக்கு அழுகிறாய். செய்ததற்கு எப்போது அழுவாய்?

பாக்கியமேரி


மறுவாழ்வு இல்லம்
31.1.2025

பிரியமான மேரிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது. மறக்கவில்லை மேரி. குடித்ததே பாதி அதை மறக்கத்தான். இங்கே வந்த பிறகு குடி போயிற்று, அது போகவில்லை. அரிவாளைப் பற்றி அழும்போதெல்லாம் உள்ளுக்குள் அதற்குத்தான் அழுதேன். இதை நீ நம்பமாட்டாய்.

ஜான்சன் பிரதர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார். "இதுதான் நெஜமான சாட்சி ஏசுதாஸ், இத உங்க ஊர்லயே சொல்லுங்க" என்றார். 15ஆம் தேதி மேடையில் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். முத்துவேலையும் மேடைக்கு அழைத்து, நான் அவன் காலைக் கழுவி, கட்டித் தழுவ வேண்டும் என்று பிரதர் ஏற்பாடு செய்கிறார். கால் கழுவுகிற பேசின், துண்டு எல்லாம் இங்கிருந்தே வரும். கோர்ட்டு, கேஸ் விஷயம் மட்டும் மேடையில் வேண்டாம், அது உலகத்துக் காரியம், நாம் ஆவிக்குரியதை மட்டும் பேசுவோம் என்றார்.

உன்னிடம் மறைக்கமாட்டேன். எனக்கு ஜெயில் என்றால் பயம். அதைவிட, வெளியே வந்தால் மறுபடியும் குடித்துவிடுவேனோ என்று பயம். இந்த வெள்ளைச் சட்டையைப் போட்டிருக்கிறவரைக்கும்தான் நான் குடிக்காதவன்.

முத்துவேலை நீ கூட்டிக்கொண்டு வருவாயா?

ஏசுதாஸ்


காவாந்தண்டலம்
5.2.2025

ஜெனிஃபர் அப்பாவுக்கு,

நேற்று தென்னேரிக்குப் போனேன். உன் பேசினுக்குக் கால் கேட்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்.

முத்துவேல் களிமண் மிதித்துக்கொண்டிருந்தான். முட்டிவரைக்கும் சேறு. கழுவ நல்ல கால்தான். நீ சொன்னதை அப்படியே சொன்னேன். மேடை, துண்டு, கட்டித் தழுவுதல் எல்லாம். கேட்டுக்கொண்டே மிதித்தான். பிறகு சொன்னான்.

"யக்கா, என்ன கட்டிப் புடிக்க வூட்ல ஆளு கீது. கோர்ட்ல கூட நிக்கத்தான் ஆளு இல்ல."

அவன் பெண்டாட்டி சசிரேகா டீ கொடுத்தாள். குழந்தையை என் மடியில் வைக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தி, தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள். மேடையில் அதைச் சொல்லாதே. மேடையில் சொன்னால் அதற்கும் கை தட்டுவார்கள். அரிவாள் ஏசுதாஸ் போய் டிராக்டர் ஏசுதாஸ் வருவான், புது போஸ்டர் அடிப்பார்கள். முத்துவேல் கழுவின காலோடு ஜெயிலுக்குப் போவான். எந்த இடத்தில் சொன்னால் ஒருத்தரும் அல்லேலூயா சொல்லமாட்டார்களோ அங்கே போய்ச் சொல். அந்த இடம் உத்திரமேரூரில்தான் இருக்கிறது, கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் நடமாடுவார்கள், விசாரித்தால் காட்டுவார்கள்.

ஆவிக்குரியது, உலகத்துக்குரியது என்று ஜான்சன் பிரதர் பிரித்துக் கொடுத்தாராமே. ஆதிலட்சுமி இடுப்பு எந்தப் பக்கம் சேரும் என்று கேட்டுச் சொல்.

குடித்துவிடுவேனோ என்று பயப்படுகிறாய். பயப்படு. நானும் பயப்படுகிறேன். அந்தப் பயத்துக்கு முத்துவேலை ஜெயிலில் போட முடியாது.

பாக்கியமேரி


வாலாஜாபாத்
4.3.2025

மேரி,

இது லாரி ஷெட்டிலிருந்து எழுதுகிறேன். இல்லத்தின் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரவு காவலும் பகலில் டயர் கழற்றுவதும் வேலை. வீட்டுக்கு வர முகம் இல்லை. குடிக்கவில்லை. எதிரில்தான் கடை. ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்துகொள்கிறேன்.

15ஆம் தேதி காலை வேன் புறப்படும்போது, மேடைக்கு வரவில்லை, கோர்ட்டில் போய்ச் சொல்கிறேன் என்று பிரதரிடம் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தேவன் உயர்த்தின எடத்துலர்ந்து நீயே எறங்கறியா ஏசுதாஸ்?" என்றார். கெட்ட மனுஷன் இல்லை மேரி. ஒரு வருடம் எனக்குச் சோறு போட்டவர். மேடை இல்லாமல் மன்னிப்பு கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

முத்துவேலின் வக்கீலைப் பார்த்தேன். மனு போட்டார். நேற்று தீர்ப்பு சொல்லவில்லை, என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஆயிரம் பேருக்கு முன்னால் மைக்கில் கத்தினவனுக்கு அங்கே குரலே வரவில்லை. "சத்தமா சொல்லுப்பா" என்று ஜட்ஜ் இரண்டு தடவை சொன்னார். சொன்னேன். நான்தான் ஓட்டினேன். குடித்திருந்தேன். முத்துவேல் மட்கார்டில் இருந்தான்.

அரசு வக்கீல் எழுந்தார். கையில் போன். அந்த வீடியோவை ஓடவிட்டார். என் அழுகை கோர்ட்டு முழுக்கக் கேட்டது.

"மனைவியை அரிவாளால் வெட்டினேன் என்று சொல்கிறீர்களே, உண்மையா?"

"இல்லீங்க. பொய்."

"இத்தனை பேர் முன்னால், வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது பொய். அப்படியானால் இன்றைக்குச் சொல்வது?"

செய்யாத பாவத்தை ஒப்புக்கொள்கிறவன் இவன், நண்பனுக்காக இன்னொன்றை ஒப்புக்கொள்கிறான் என்று அவர் சொன்னார். முதலாளி வீராசாமி பின்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்.

வண்டியில் இருந்தவர்கள் யாராவது வந்து சொன்னால்தான் என் வார்த்தை நிற்கும் என்று முத்துவேலின் வக்கீல் சொல்கிறார். மார்ச் 17க்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் முத்துவேல் கையைப் பிடிக்கப் போனேன். "ரெண்டு நாள்னு சொன்ன. ரெண்டு வருசம் கழிச்சி வந்த. அதுவும் யாரும் நம்ப முடியாத ஆளா வந்து நிக்கிறியே" என்றான். பஸ் ஏறிப் போய்விட்டான்.

உன்னைக் கேட்க எனக்கு அருகதை இல்லை. கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ஏசுதாஸ்


காவாந்தண்டலம்
9.3.2025, ஞாயிறு

ஜெனிஃபர் அப்பாவுக்கு,

இன்றைக்குத் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. இரண்டு வருடமாகத் தவறாமல் போனவள். போதகர் ஐயர் வீட்டு அம்மா, "உடம்பு சரியில்லையா மேரி?" என்றார்கள். உடம்பு கல் மாதிரி இருக்கிறது என்றேன்.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். உன்னை இத்தனை கடிதம் திட்டினேன், இதை மட்டும் எழுதவில்லை. ஆதிலட்சுமியை ஆஸ்பத்திரியில் போட்டிருந்த அன்றைக்குப் பக்கத்தில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். போலீஸ்காரர் வந்து, "வண்டிய யாரும்மா ஓட்னது?" என்று அவளைக் கேட்டார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள் வாயைத் திறந்தாள். "ஏ" என்று ஒரு எழுத்து வந்தது. நான் முந்திக்கொண்டு, "முத்துவேல் சார்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். ஆதிலட்சுமி என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கை நாட்டு வைக்க அவள் விரலைப் பிடித்துக் கொடுத்தவளும் நான்தான்.

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குக் குழம்பு கொண்டுபோகிறேன், தலை வாரிவிடுகிறேன், கேலி பேசிச் சிரிக்க வைக்கிறேன். ஊரில் எல்லாரும் மேரிக்கு நல்ல மனசு என்கிறார்கள். நீ வெள்ளைச் சட்டை போட்டாய். நான் குழம்புச் சட்டி தூக்கினேன்.

ஆராதனை முடிந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் நடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் நான் செய்ததையும் சொன்னேன். அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் என் வாயால் சொன்னேன்.

"எப்ப சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தன்" என்றாள். "உன் வூட்டுக்காரன் மேல எனக்குக் கோவம் இல்லடி. அவன் குடிச்சிருந்தான். நீ இன்னா குடிச்சிருந்த?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவளும் விடவில்லை.

"உன் கொழம்ப நான் ஏன் துன்னன் தெரியுமா? பசி. மன்னிச்சிட்டன்னு நெனச்சிக்காத."

மறுபடியும் வெங்காயம் உரித்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்கு இரண்டு பேரும் வெங்காயத்தைச் சாக்குச் சொல்லிக்கொண்டோம்.

பிறகு கேட்டாள். "கோர்ட்ல படி கீதா?"

"கீது. ஆறு, ஏழு இருக்கும்."

"என்னால ஏற முடியாது. ஆனா நா வந்து சொல்லுவன். உனக்காகவும் இல்ல, உன் வூட்டுக்காரனுக்காகவும் இல்ல. அந்தப் புள்ள அன்னிக்கி மெதுவா போ, மெதுவா போன்னு சொல்லிகினே வந்தான். அத யாரும் எழுதலியே."

பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கும் கேஸ் வரலாம் என்று ஜெனிஃபர் சொல்கிறாள். வரட்டும். உண்மையான கேஸ்தானே.

17ஆம் தேதி காலை பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் நில். சட்டை எந்த நிறமாக இருந்தாலும் சரி, பழையதாக இருக்கட்டும். ஆட்டோவில் ஆதிலட்சுமியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். நாற்காலியோடு தூக்க வேண்டும். ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன், இன்னொரு பக்கம் நீ பிடி. முத்துவேல் ஓடி வந்து தூக்கப் பார்ப்பான், அவன் குணம் அப்படி. விடாதே. அன்றைக்கு ஒரு நாளாவது அவன் சும்மா நிற்கட்டும்.

பாக்கியமேரி